லைசென்ஸ் வாங்கிய பிறகும் ஒரு வருடப் பயிற்சி: எஃப்.என்.பி ஆகப்போகும் நர்ஸ்களுக்கு

அமெரிக்காவில் எஃப்.என்.பி, அதாவது ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை முடிக்கப்போகும் நம்மூர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, படிப்பு முடியப்போகுது, போர்டு எக்ஸாமும் எழுதிடுவேன். நேரா வேலைக்குப் போயிடலாமா, இல்ல இன்னொரு வருஷம் ரெசிடென்சி செய்யணுமா?" போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. ஒவ்வொருவரிடமும் பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிடுகிறேன் என்ற குறை இருந்தது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ரெசிடென்சி என்பது லைசென்ஸ் வாங்கிய பிறகு, மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் ஒரு வருடப் பயிற்சி. சுருக்கமான பதில்: வீட்டுச் சூழ்நிலை இடம் கொடுத்தால் செய்யுங்கள். நோய்களையும் மருந்துகளையும் கைட்லைன்களையும் படிப்பிலேயே நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். விவரம் அரைகுறையாக இருக்கும்போது, இருபது நிமிடத்துக்குள், உங்கள் பெயரில் ஒரு முடிவெடுத்து அதற்குப் பொறுப்பாக நிற்பதுதான் வகுப்பில் வராதது. எனக்கு அந்தப் பழக்கம் வந்தது ரெசிடென்சியில்தான்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் (என்.பி) என்ற வேலை 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கினார்கள். டாக்டர்கள் போதாத இடங்களில் குழந்தைகளை நர்ஸ்களே முழுமையாகப் பார்க்க முடியும் என்று அவர்கள் நம்பினார்கள். இன்று ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் கைக்குழந்தை முதல் தொண்ணூறு வயதுப் பாட்டி வரை பார்ப்பவர். நோயைக் கண்டறிவது, டெஸ்ட் எழுதுவது, மருந்து எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. இந்தியாவிலும் கிரிட்டிக்கல் கேரிலும் மகப்பேறிலும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகள் வந்திருக்கின்றன. நான் பேசுவது குடும்ப மருத்துவப் பக்கம்.

என் பாதை நம்மவர்களில் பலருடைய பாதைதான். மதுரைப் பக்கம் பி.எஸ்சி நர்சிங், சென்னையில் ஐ.சி.யூ, அப்புறம் அமெரிக்க நர்ஸ் லைசென்ஸுக்கான என்க்ளெக்ஸ் தேர்வு, விசாவுக்காக நீண்ட காத்திருப்பு, டெக்சாஸில் மறுபடியும் ஐ.சி.யூ. வேலை பார்த்துக்கொண்டே எம்.எஸ்.என் என்ற நர்சிங் முதுகலைப் படிப்பைப் படித்தேன். அதன் பிறகு வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா பள்ளத்தாக்கில் ஒரு சமூக நல மருத்துவ மையத்தில் ஓராண்டு ரெசிடென்சி. ஆப்பிள், செர்ரி, பீருக்கான ஹாப்ஸ் விளையும் பூமி. தோட்டத் தொழிலாளர்கள்தான் எங்கள் நோயாளிகளில் பெரும்பகுதி, அவர்களில் பெரும்பாலோர் பேசுவது ஸ்பானிஷ்.

ஐ.சி.யூ அனுபவம் ஏன் போதாது என்று கேட்பீர்கள். அது வீணாகவே போகாது. ஒருவர் உள்ளே நடந்து வரும்போதே இவர் உடம்பு சரியில்லாதவர் என்று கண் சொல்லிவிடும், அந்தக் கண் புத்தகத்தில் கிடைக்காது. ஆனால் ஐ.சி.யூ-வில் நோயாளி வந்து சேரும்போதே ஏதோ ஒரு டயக்னோசிஸ் அவரோடு வந்துவிடுகிறது. மானிட்டர் இருக்கிறது, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் சீக்கிரம் வருகிறது, சந்தேகம் என்றால் இரவு இரண்டு மணிக்கும் கூப்பிட ஒரு டாக்டர் இருக்கிறார். கிளினிக்கில் வருபவர் "ரெண்டு வாரமா ஒரு மாதிரி இருக்கு" என்று வருகிறார். அந்த 'ஒரு மாதிரி'யில் தொடங்கி, இன்று இவரை வீட்டுக்கு அனுப்பலாமா என்பது வரை நீங்கள்தான் போக வேண்டும்.

படிப்பில் இதற்கு எவ்வளவு பழக்கம் கிடைக்கிறது? என் காலத்தில் நேரடியாக நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கல் மணி நேரம் குறைந்தது 500 என்பதுதான் வழக்கம். 2022-இல் வந்த தேசியத் தரநிலைகள் அதை 750 ஆக உயர்த்தின. உயர்த்தியது நல்லதுதான். ஆனால் குடும்ப மருத்துவம் செய்யப்போகும் டாக்டர் மெடிக்கல் காலேஜ் முடித்த பிறகு மூன்று வருடம் ரெசிடென்சி செய்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதில் ஆன்லைன் படிப்பு என்றால், கிளினிக்கில் உங்களை மேற்பார்வையிட்டுக் கற்றுக்கொடுக்கும் ப்ரிசெப்டரையும் நீங்களே தேடிப் பிடிக்க வேண்டிவரும். யார் சம்மதிக்கிறாரோ அவரிடம் போக வேண்டியதுதான், அவர் எப்படிக் கற்றுக்கொடுப்பார் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2007-இல் கனெக்டிகட் மாநிலம் மிடில்டவுனில் ஒரு சமூக நல மருத்துவ மையம் நாட்டிலேயே முதல் நர்ஸ் பிராக்டிஷனர் ரெசிடென்சியைத் தொடங்கியது. அதற்கு முன்னின்றவர் மார்கரெட் ஃபிளின்டர், அவரும் ஒரு ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர்தான். 2010-இல் வந்த ஒபாமா காலத்து மருத்துவச் சட்டத்திலேயே இப்படிப்பட்ட பயிற்சிக்கு ஒரு பிரிவு சேர்ந்தது. இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. எந்த மாநிலமும் இதைக் கட்டாயமாக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டால் மறுநாளே வேலைக்குப் போகலாம்.

என் வருடம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். வாரத்தில் சில நாள் எனக்கென்று ஒதுக்கிய நோயாளிகளைப் பார்ப்பேன், என்னைக் கவனிப்பதற்கென்றே ஒரு ப்ரிசெப்டர் இருப்பார். ஒரு நாள் ஏதாவது ஒரு ஸ்பெஷாலிட்டி: தோல், எலும்பு மூட்டு, மகளிர் நலம், ஹெபடைடிஸ் சி, போதை மீட்பு. இன்னொரு நாள் கிளினிக்கின் மற்ற டாக்டர்கள், என்.பி-க்களோடு குழுவாக, அவர்கள் மேற்பார்வையில் பொது நோயாளிகள். வாரம் ஒரு மதியம் வகுப்பு. பெரும்பாலான ரெசிடென்சிகள் ஏறக்குறைய இந்த அமைப்பில்தான் நடக்கின்றன.

இதில் சாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நோயாளியின் அறைக்கும் ப்ரிசெப்டரின் மேசைக்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்ன நடைபாதையில் என்பேன். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அறுவடைக் காலம். ஐம்பதைக் கடந்த ஒரு தோட்டத் தொழிலாளி பி.பி மாத்திரை வாங்க வந்திருந்தார். சர்க்கரையும் உண்டு. மெடிக்கல் அசிஸ்டன்ட் எடுத்த பி.பி கூடுதலாக இருந்தது. பூட்ஸைக் கழற்றச் சொல்லி பாதத்தைப் பார்த்தேன். பத்து கிராம் மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் இழை இருக்கிறது. அதை வளையும் அளவுக்குப் பாதத்தில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு 'தெரிகிறது' என்று சொல்லச் சொல்வோம். கட்டைவிரலிலும் அதன் அடிப்பகுதியிலும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைப் பற்றிப் பேசி, மருந்தையும் மாற்றி, முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, காலுறையை மாட்டிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். போனில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதை எனக்குச் சொன்னார்: "ஏணியில ஏறினா நெஞ்சை இறுக்குதாம்."

மறுபடி உட்கார்ந்தேன். எப்போதிருந்து? சில வாரமாக. முதலில் பழம் பறிக்கும் பை நிறைந்த பிறகு ஏணி உச்சியில்தான் வந்தது. இப்போது? காரிலிருந்து மரத்துக்கு நடக்கும்போதே வருகிறது. நின்றால் போய்விடுகிறது. உடனே ஈ.சி.ஜி எடுத்தோம். நார்மல்.

நடைபாதையைக் கடந்து ப்ரிசெப்டரிடம் போனேன். அவர் மூத்த நர்ஸ் பிராக்டிஷனர். நான் சொல்லி முடிக்கும் வரை கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு கேட்டார்.

"உங்களுக்கு எது பயமா இருக்கு?"

"அன்ஸ்டேபிள் ஆஞ்ஜைனா," என்றேன். இதய ரத்தக்குழாய் அடைப்பால் வரும், மாரடைப்பில் முடியக்கூடிய நெஞ்சுவலி அது.

"ஈ.சி.ஜி நார்மலா இருக்கே?"

"வலி இல்லாதப்ப எடுத்தது. அதை வச்சு ஒண்ணும் இல்லைன்னு சொல்ல முடியாது. வலி வர்ற தூரம் குறைஞ்சுக்கிட்டே வருது, சர்க்கரை இருக்கு, பி.பி இருக்கு."

"எது உங்க மனசை மாத்தும்?"

யோசித்தேன். கிளினிக்கில் அன்றைக்கு எதுவும் மாற்றாது என்று தோன்றியது, அதையே சொன்னேன்.

"அப்ப என்ன செய்யப்போறீங்க?"

"ஆஸ்பிரின் கொடுத்து, ஆம்புலன்ஸ்ல எமர்ஜென்சிக்கு அனுப்பணும். அவரே காரை ஓட்டிக்கிட்டுப் போகக் கூடாது."

"சரி. நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் கதவோரமா நிக்கிறேன்."

நோயாளி மறுத்தார். அறுவடையில் ஒரு நாள் போனால் அன்றைய கூலி போச்சு, ஆஸ்பத்திரி பில் வேறு வரும். வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி வருமானம் குறைந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிகள் கட்டணச் சலுகை தர வேண்டும். அதற்கு விண்ணப்பம் போட்டுக்கொடுக்க எங்கள் மையத்திலேயே ஆள் உண்டு. அவரைக் கூட்டிவந்து பேசவைத்த பிறகுதான் சம்மதித்தார். இரண்டு நாளில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிறகு அவர் என் நோயாளியாகவே தொடர்ந்து வந்தார்.

ப்ரிசெப்டர் எனக்குப் பதில் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, கவனித்தீர்களா? என் யோசனையை வாய்விட்டுச் சொல்லவைத்தார், அவ்வளவுதான். 'எது பயம், எது மனதை மாற்றும், இப்போது என்ன செய்யப்போகிறாய்' என்ற கேள்விகளை வருடம் முழுக்கக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவர் இல்லாத அறையிலும் எனக்கு நானே கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன். நீங்களும் ப்ரிசெப்டரிடம் போகும்போது "என்ன செய்யட்டும்?" என்று போகாதீர்கள். ஒரு வரியில் நோயாளி யார், நீங்கள் யோசிக்கும் இரண்டு மூன்று நோய்கள், எது ஏன் முதலில், உங்கள் திட்டம், எங்கே சந்தேகம், இவ்வளவையும் தயார்செய்துகொண்டு போங்கள். சந்தேகத்தை மறைக்க வேண்டாம். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் சீனியர் முன்னால் தெரியாது என்று சொல்லத் தயங்கியே வளர்ந்திருக்கிறோம். இங்கே சந்தேகத்தைச் சொல்லாதவரைப் பார்த்துத்தான் ப்ரிசெப்டர்கள் கவலைப்படுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான பாடமும் உண்டு: எதுவும் செய்யாமல் இருக்க முடிவெடுப்பது. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு காதில் வலி, லேசான காய்ச்சல், விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது. காது சவ்வு சிவந்து புடைத்திருக்கிறது. இந்த வயதில், கடுமையாக இல்லாதபோது, வலி மருந்து மட்டும் கொடுத்து இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். ஐ.சி.யூ நர்ஸுக்கு அந்தப் பொறுமை எளிதில் வராது, கை பரபரக்கும். அம்மாவும் ஆன்டிபயாட்டிக் கேட்கிறார். சீட்டை எழுதிக் கையில் கொடுத்து, "வெள்ளிக்கிழமைக்குள் குறையவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள், அதற்குள் காய்ச்சல் ஏறினாலோ பிள்ளை சோர்ந்துபோனாலோ உடனே கூட்டி வாருங்கள்" என்று சொல்லி அனுப்பக் கற்றுக்கொண்டேன். எதைப் பார்த்தால் திரும்பி வர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலான தாய்மார்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுவதும் தனிப் பயிற்சிதான். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், சின்னச் சின்ன வாக்கியமாக. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "வீட்டுக்குப் போய் உங்கள் மனைவியிடம் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வீர்கள்?" என்று கேளுங்கள், உண்மை தெரிந்துவிடும். வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மனச்சோர்வுக்கான பி.எச்.கியூ-9 கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதை ஒரு பிள்ளை தன் அம்மாவிடம் கேட்க நேரக் கூடாது.

இடத்துக்கென்றே உள்ள மருத்துவமும் இருக்கிறது. பூச்சிமருந்து கையாளும் தொழிலாளர்களுக்கு, மருந்து உடம்பில் ஏறியிருக்கிறதா என்று காட்டும் கோலினெஸ்டெரேஸ் ரத்தப் பரிசோதனை என்று வாஷிங்டனில் ஒரு விதி உண்டு. எந்தப் பாடத்திலும் நான் அதைப் படித்ததில்லை. தலைவலி, வாந்தி, கண்ணில் நீர் என்று ஒருவர் வந்தால் முதலில் "இன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்கப் பழகினேன். அதேபோல், அங்கே மோட்டல் நடத்தும் இந்தியக் குடும்பங்கள் வருவார்கள். பார்க்க ஒல்லியாக இருப்பார்கள். ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு பி.எம்.ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 23 தொட்டாலே சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம், மற்றவர்களுக்கு 25. நம்மவர்களைப் பார்க்கும் எவரும் இதை மறக்கக் கூடாது என்பது என் ஆசை.

இன்பாக்ஸ் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. லேப் ரிசல்ட், ரீஃபில் கோரிக்கை, இன்சூரன்ஸ் அனுமதிக் கடிதம், ஸ்பெஷலிஸ்ட் அனுப்பிய குறிப்பு என்று நோயாளி இல்லாத நேரத்திலும் வேலை குவியும். புதிதாகச் சேருபவர்கள் களைத்துப்போவது பெரும்பாலும் இதில்தான் என்பது நான் பார்த்தது. நோயாளி அறையில் இருக்கும்போதே குறிப்பின் பாதியை எழுதிவிடுங்கள். லேப் எழுதும்போதே, ரிசல்ட் இப்படி வந்தால் இதைச் செய்வேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ரிசல்ட் வரும் நாளில் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்காது.

சரி, எந்த ரெசிடென்சியைத் தேர்வுசெய்வது? இன்டர்வியூவில் நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி: "என்னைக் கவனிக்கும் நேரத்தில் ப்ரிசெப்டருக்குச் சொந்த நோயாளிகள் இருப்பார்களா?" இருப்பார்கள் என்று பதில் வந்தால் யோசியுங்கள். தன் அறையில் பத்துப் பேர் காத்திருக்கும்போது எவ்வளவு நல்ல மனிதராலும் உங்கள் யோசனையைக் கேட்க முடியாது. பெயருக்கு ரெசிடென்சி, நடைமுறையில் குறைந்த சம்பளத்துக்கு முழு வேலை என்று நடத்தும் இடங்களும் இருக்கின்றன, இந்த ஒரு கேள்வியே அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், முதல் மாதம் ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள், ஆறாம் மாதம் எத்தனை, கடைசியில் எத்தனை என்று கேளுங்கள். வகுப்பு மதியத்தில் ஆள் குறைந்தால் உங்களைக் கிளினிக்குக்கு இழுப்பார்களா என்று கேளுங்கள். போன வருடம் முடித்தவர்களின் தொடர்பு கேளுங்கள், கொடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு பதில். அக்ரெடிடேஷன், அதாவது வெளி அமைப்பின் தர அங்கீகாரம், இருந்தால் நல்லது. சின்ன மையங்கள் சில அது இல்லாமலே அருமையாகச் சொல்லிக்கொடுக்கின்றன, அதனால் அதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம்.

பணம் விஷயத்தை ஒளிக்க வேண்டியதில்லை. ரெசிடென்சியில் சம்பளம் உண்டு, ஆனால் நேராக வேலைக்குப் போனால் கிடைப்பதைவிடக் குறைவு. ஊருக்குப் பணம் அனுப்புபவர்களுக்கு இது கனமான வித்தியாசம். சில மருத்துவ மையங்கள் பயிற்சிக்குப் பிறகு ஒன்றிரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடும். நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள். கல்விக் கடனை நம்பிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று: அமெரிக்க அரசின் நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் கடன் உதவிக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அரசின் இன்னொரு கடன் உதவியான நர்ஸ் கோர் திட்டத்தில் கிரீன் கார்டு உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம்.

மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். வாஷிங்டனில் என்.பி தனியாகவே பிராக்டிஸ் செய்யலாம். டெக்சாஸில் மருந்து எழுத டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். நியூயார்க்கில் அந்தக் கட்டாயம் நீங்க 3,600 மணி நேர அனுபவம் தேவை. தனியாக நிற்கப்போகும் மாநிலம் என்றால் ரெசிடென்சியின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

குழந்தைகள் சின்னவர்கள், வேறு ஊருக்குப் போக முடியாது, சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். முதல் வேலைக்கான ஆஃபர் பேசும்போதே சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: முதல் சில மாதம் ஒரு நோயாளிக்கு நாற்பது நிமிடம், பெயர் சொல்லி ஒரு வழிகாட்டி, வாரம் ஒரு மணி நேரம் அவரோடு சார்ட் (நோயாளிக் குறிப்புகள்) பார்க்கும் நேரம், நோயாளிகளின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் கூட்டும் அட்டவணை. கேட்டால் பல இடங்களில் கொடுக்கிறார்கள். கேட்காமல் யாரும் கொடுப்பதில்லை. வாய்மொழியாகச் சொன்னதை நம்பிச் சேர வேண்டாம்.

செய்வது என்று முடிவெடுத்தவர்கள் நாள்காட்டியைக் கவனிக்க வேண்டும். பல ரெசிடென்சிகள் செப்டம்பரை ஒட்டித் தொடங்குகின்றன, விண்ணப்பமோ அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே திறந்துவிடும். மே மாதம் பட்டம் வாங்குபவர் டிசம்பரிலேயே சிபாரிசுக் கடிதங்களைக் கேட்டுவிட வேண்டும். ஐ.சி.யூ மேனேஜரின் கடிதத்தைவிட, கிளினிக்கில் நீங்கள் நோயாளி பார்ப்பதைக் கண்ட ப்ரிசெப்டரின் கடிதத்துக்கு எடை அதிகம். போர்டு எக்ஸாமைப் பட்டம் வாங்கிய கையோடு எழுதிவிடுங்கள். அதை இரண்டு அமைப்புகள் நடத்துகின்றன. ஏ.ஏ.என்.பி.சி.பி நடத்துவது 150 கேள்வி, மூன்று மணி நேரம். ஏ.என்.சி.சி நடத்துவது 175 கேள்வி, மூன்றரை மணி நேரம், அதில் ஆராய்ச்சியும் தொழில்முறைக் கேள்விகளும் கொஞ்சம் கூடுதலாக வரும். கிளினிக் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான், உங்களுக்கு எது கைவருமோ அதை எழுதுங்கள். அதன் பிறகு மாநில லைசென்ஸ், என்.பி.ஐ எண் (மருத்துவச் சேவை தருபவரின் தேசிய அடையாள எண்), டி.இ.ஏ பதிவு (கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுத வேண்டிய மத்திய அரசுப் பதிவு). டி.இ.ஏ-வுக்கு 2023 முதல் போதை சிகிச்சை பற்றிய எட்டு மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பல படிப்புகளில் அது பாடத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது, உங்கள் கல்லூரியில் அந்தச் சான்று கிடைக்குமா என்று பட்டமளிப்புக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.